ஒரு எடை, ஒரு ஸ்பிரிங்: வடசென்னையில் இருந்தே மெம்ஸ் கற்கத் தொடங்குவது எப்படி?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் டிப்ளமோவோ பி.இ.யோ படிக்கிற தம்பி, தங்கைகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "மெம்ஸ் ஆராய்ச்சிக்குப் போகணும் அண்ணா, எங்க ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மெம்ஸ் என்றால், சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எந்திரங்கள். அதற்குள் நகரும் பாகங்களை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரும். போனைச் சாய்த்தால் திரை திரும்புவதும், கார் மோதினால் ஏர்பேக் விரிவதும், நாம் பேசுவதைப் போன் கேட்பதும் இந்தச் சின்ன எந்திரங்களால்தான்.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் கிளீன் ரூமில், அதாவது சிப் செய்யும் தூசியில்லாத லேபில், ஆரம்பிக்க நினைக்கிறார்கள். வெள்ளை உடை, மஞ்சள் விளக்கு, கோடிக்கணக்கில் விலையுள்ள மெஷின்கள். ஆசை நியாயம்தான். ஆனால் கிளீன் ரூம் இந்தப் பாதையில் கடைசியில்தான் வரவேண்டும். அதற்கு முன்னால் ஒரு எடையும் ஒரு ஸ்பிரிங்கும் சேர்ந்தால் என்ன செய்யும் என்பது கைக்குப் பழகியிருக்க வேண்டும். இந்தத் துறையில் பாதி அதுதான். அதைப் பழக நம் ஊரைவிட நல்ல இடம் கிடைக்காது. லாரி, ரயில், லேத், படகு என்று இங்கே தரை ஓய்ந்திருக்கும் நேரமே குறைவு.

காசு செலவழிக்காமல் முதல் வாரம்

உங்கள் போனிலேயே மெம்ஸ் இருக்கிறது. ஜெர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் உருவாக்கிய ஃபைபாக்ஸ் என்ற ஆப் இலவசம். அதை இறக்கி, முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரைத் திறந்து, போனை மேசைமேல் மல்லாக்க வையுங்கள். அசையாத போன்தானே, பூஜ்யம் காட்டும் என்று நினைப்போம். காட்டாது. ஒரு அச்சில் 9.8 என்று நிற்கும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த சென்சாருக்குள் ஸ்பிரிங்கில் மாட்டிய ஒரு நுண்ணிய எடை இருக்கிறது, அதை ஸ்பிரிங் தாங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான் சென்சார் சொல்கிறது. எடை பார்க்கும் மெஷினில் நாம் ஆடாமல் நின்றாலும் முள் பூஜ்யத்துக்கு வராது இல்லையா, அதே கதைதான். சரி, இப்போது தலையணைக்கு மேலே ஒரு அடி உயரத்தில் போனைப் பிடித்து விடுங்கள். விழுகிற கால் நொடிக்கு எடையும் பெட்டியும் சேர்ந்தே விழுகின்றன, ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. வரைபடம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டு, தலையணை பட்டதும் துள்ளும். இந்த ஒரு வரைபடத்தை உங்கள் வார்த்தையில் விளக்க முடிந்தால் முதல் படி ஏறிவிட்டீர்கள்.

போனில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டரும் இருந்தால் மெட்ரோவில் ஒரு சோதனை. விம்கோ நகரிலிருந்து மேலே ஓடிவரும் ரயில் தண்டையார்பேட்டைப் பக்கம் சுரங்கத்துக்குள் இறங்கும். கடல் மட்டத்துக்கு அருகில் சுமார் எட்டரை மீட்டர் இறங்கினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடும். ரயில் இறங்க இறங்க எண் ஏறுவதைப் பார்க்கலாம். சுரங்கத்தில் ரயில் தள்ளும் காற்றால் குறுக்கே சில துள்ளல்களும் வரும். எது ஆழம், எது காற்றின் தள்ளல் என்று பிரித்துப் பாருங்கள். இந்த சென்சாருக்குள் மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்று வளைகிறது. சிலிக்கானை வளைத்தால் அதன் மின்தடை பெரிதாக மாறும் என்று 1954-இல் சார்லஸ் ஸ்மித் எழுதினார். அழுத்த சென்சார்கள் அங்கிருந்துதான் கிளம்பின.

ரிச்சி தெருவில் என்ன வாங்குவது

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு அது. ஆக்சிலரோமீட்டர் உள்ள எம்பியு 6050 சிப் வைத்த ஜிஒய்-521 போர்டு ஒன்று, அதைப் படிக்க ஆர்டுயினோ என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று, நாலு வயர். சில நூறு ரூபாயில் முடியும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். இது பழைய சிப்தான். ஆனால் கற்பதற்குப் பழைய சிப்பே நல்லது, அதில் வரக்கூடிய சிக்கலையெல்லாம் நமக்கு முன்னால் யாரோ பட்டு முடித்திருப்பார்கள்.

மூன்று விஷயம் மட்டும் கவனம். கரண்ட் கொடுத்ததும் இந்த சிப் தூங்கும். ஹெக்ஸ் 6பி (பதினாறடிமான எண்) என்ற ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் உள்ள நினைவுப் பெட்டியில், பூஜ்யம் எழுதினால்தான் விழிக்கும். எழுதாமல் "எல்லாம் ஜீரோ வருது, போர்டு போச்சு" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. அப்புறம், ஹெக்ஸ் 75-ஐப் படித்தால் ஹெக்ஸ் 68 என்று பதில் வரவேண்டும். வேறு எண் வந்தால் அது வேறு சிப்; வேலை செய்யலாம், ஆனால் எம்பியு 6050-இன் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) உள்ள எதையும் அதற்குப் பொருத்தாதீர்கள். மூன்றாவது, நொடிக்கு ஆயிரம் முறை அளக்கும்போது மூன்று அச்சையும் எழுத்துகளாகக் கணினிக்கு அனுப்பினால் 115200 வேகம் போதாது. ஒரு அச்சை மட்டும் அனுப்புங்கள். அளவுகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்கவேண்டும். டிலே என்ற காத்திருப்புக் கட்டளையைப் போட்டு ஒப்பேற்றினால் பின்னால் அதிர்வெண் கணக்கு எல்லாம் கோணலாகும்.

ஆறு பக்கமும் திருப்பிப் போடுங்கள்

போர்டை ஒரு தீப்பெட்டியில் ஒட்டி, மேசைமேல் ஒவ்வொரு பக்கமாக நிறுத்துங்கள். இரண்டு ஜி வரம்பில் வைத்தால் ஒரு ஜிக்கு 16384 என்று டேட்டாஷீட் சொல்லும். ஜி என்பது பூமியின் இழுவை. மேல்நோக்கி வைத்தபோது 16650, கவிழ்த்தபோது கழித்தல் 16090 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 280. அது சென்சாரின் பிறவிப் பிழை. குறியை விட்டுவிட்டுக் கூட்டிப் பாதியாக்கினால் 16370. ஒரு ஜிக்கு உங்கள் சிப் உண்மையில் தரும் எண் அதுதான். மூன்று அச்சுக்கும் செய்து நோட்டில் எழுதுங்கள். தேதியும் அறையின் வெப்பமும் பக்கத்திலேயே இருக்கட்டும். மே மாதம் ஷீட் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணிக்குச் செய்ததும் மார்கழி விடிகாலையில் செய்ததும் ஒத்துப்போகாது, ஏனென்றால் பிறவிப் பிழை வெப்பத்தோடு நகரும்.

சும்மா இருக்கும்போது சென்சார் என்ன சொல்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. யாரும் செய்யாமல் தாண்டிப் போகிற படியும் இதுதான்.

ராத்திரி ஒரு மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போர்டைத் தரையில் வைத்து, பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் எண்கள் சில பத்துகள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அதுதான் இரைச்சல். அதன் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டு நோட்டில் எழுதுங்கள். உங்கள் சென்சார் பார்க்கக்கூடிய மிகச் சின்ன அசைவு எது என்பதை இனி இந்த எண்தான் தீர்மானிக்கும். நூறு அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். பதினாயிரம் எடுத்தால் நூறில் ஒரு பங்கு ஆகவேண்டும், ஆனால் ஆகாது. மெதுவாக நகரும் வேறொரு பிழை குறுக்கே நிற்கும். ஏன் என்று தோண்டிப் பாருங்கள். அங்கே தொடங்குகிற கேள்வி ஆராய்ச்சிக் கேள்விதான்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்து வீடு என்றால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்றாவது கடக்கும். அது பதிவில் தெரிகிறதா, இரைச்சலில் மூழ்கிவிடுகிறதா? தெரியவில்லை என்றால் எவ்வளவு நல்ல சென்சார் வேண்டும்? "இந்த அதிர்வைப் பார்க்க எனக்கு இவ்வளவு குறைந்த இரைச்சல் தேவை" என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவருக்குப் புதிய கருவியை வடிவமைக்கக் காரணம் கிடைத்துவிட்டது.

ஒட்டுவதிலே இருக்கிறது

பெரம்பூரில் ஒரு லேத் பட்டறை. ஹெட்ஸ்டாக்கின் (லேத்தின் சுழலும் தலைப்பகுதி) அதிர்வை அளக்கலாம் என்று, போர்டை இரட்டைப் பக்க ஃபோம் டேப்பால் ஒட்டினேன். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடத்தில், 180 ஹெர்ட்ஸுக்குப் (நொடிக்கு 180 ஆட்டம்) பக்கத்தில் உயரமான ஒரு மேடு. பேரிங்கா, பெல்ட்டா, மோட்டாரா? இரண்டு வாரம் அதைத் துரத்தினேன். வேகத்தை மாற்றினாலும் மேடு நகரவில்லை, அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒருநாள் டேப் பிய்ந்துவிட, இரண்டு அடுக்கு ஒட்டினேன். மேடு கீழே இறங்கியது.

லேத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபோம் டேப் ஒரு ஸ்பிரிங், போர்டு ஒரு எடை. இரண்டும் சேர்ந்து தங்களுக்குப் பிடித்த வேகத்தில் ஆடியிருக்கின்றன. அடுக்கு கூடியதும் ஸ்பிரிங் இளகி, ஆட்டம் மெதுவாகியது. போர்டை ஃபெவிக்விக் வைத்து நேராக இரும்பில் ஒட்டியதும் அந்த மேடு போயிற்று.

ஆகவே: ஃபோம் டேப் வேண்டாம். சுத்தம் செய்த இரும்பில் மெல்லிசாகப் பசை, அல்லது போல்ட். காந்தம் பரவாயில்லை, ஆனால் மேற்பரப்பு தட்டையாக இருக்கவேண்டும். வயர் தொங்கி ஆடினால் அதுவும் ஒரு ஸ்பிரிங். சென்சாருக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். நொடிக்கு ஆயிரம் முறை அளந்தால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத்தான் நம்பலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதற்கு மேலே இருப்பது பொய் முகம் போட்டுக்கொண்டு கீழே வந்து நிற்கும்.

காசிமேட்டில் ஒரு பகல்

கையில் வந்த திறமையை உண்மையான மெஷினில் பார்க்க, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இன்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள்.

நான் போன அன்று இன்ஜின் மூடியின்மேல் போர்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது டிரைவர் அண்ணன் குனிந்து பார்த்தார். "இன்னா தம்பி, தீப்பெட்டில பாதி கூட இல்ல. இத்த வச்சிக்கினு இன்னா பாக்கப் போற?"

ஆறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். ஐடிலில் நிமிடத்துக்கு 600 சுற்று, அதாவது நொடிக்குப் பத்து. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆறும் சேர்ந்தால் நொடிக்கு முப்பது. எல்லாம் ஒரே பலத்தில் வெடித்தால் 30 ஹெர்ட்ஸ் மேடு ஓங்கி நிற்கவேண்டும். லேப்டாப்பில் பைத்தான் நிரலை ஓடவிட்டு அதிர்வெண்களாகப் பிரித்தால், 30-க்குப் பக்கத்திலேயே 5 ஹெர்ட்ஸிலும் ஒரு மேடு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எதுவோ தவறுகிறது என்று அர்த்தம். ஒரு சிலிண்டர் மற்றவற்றைப் போல அடிக்கவில்லை.

நான் அதைச் சொல்வதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார். "மூணாவது மிஸ்ஸிங் அடிக்குது. காதுல கேக்கல உனக்கு?" இன்ஜெக்டரை மாற்றியதும் மறுபடி அளந்தேன். 5 ஹெர்ட்ஸ் மேடு தாழ்ந்துபோனது. எந்த சிலிண்டர் என்பது அவர் காதுக்குத் தெரிந்தது. எவ்வளவு என்பது என் வரைபடத்தில் இருந்தது. இந்த மாதிரி மனிதர்களோடு சேர்ந்து அளந்து பழகுங்கள். உங்கள் வரைபடம் சரியா, தப்பா என்று அப்போதைக்கு அப்போதே சொல்ல இவர்களைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

ஒரு எச்சரிக்கை. கடல் காற்றில் போர்டைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தால் ஒரே மழைக்காலத்தில் பின்கள் பச்சை பூத்துவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஸ்டீல் ஸ்கேலில் இருந்து சிலிக்கானுக்கு

இனி கணக்கு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டீல் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 25 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, சுண்டிவிடுங்கள். நொடிக்குச் சுமார் 13 முறை ஆடும். நீளத்தைப் பாதியாக்கினால் இரட்டிப்பு ஆகாது, நான்கு மடங்கு ஆகும்: சுமார் 52. போனின் ஸ்லோமோஷனில் எண்ணிப் பார்க்கலாம். சென்சாரை ஸ்கேலின் நுனியில் வைக்காதீர்கள், அந்த எடையே ஆட்டத்தை மாற்றிவிடும்.

சூத்திரம் ஒன்றுதான். தடிமனை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, அந்தப் பொருளில் ஒலி போகும் வேகத்தால் பெருக்கி, 0.1615-ஆல் பெருக்குங்கள். ஸ்டீலுக்கு அந்த வேகம் நொடிக்குச் சுமார் 5000 மீட்டர், சிலிக்கானுக்கு 8500. இப்போது ஸ்கேலுக்குப் பதில் 200 மைக்ரான் நீளம், 2 மைக்ரான் தடிமன் உள்ள சிலிக்கான் சட்டத்தை (ஒரு முனையில் பிடித்த மெல்லிய பட்டை) போடுங்கள். விடை நொடிக்கு ஏறக்குறைய 69,000 ஆட்டம். மேசை விளிம்பில் ஆடிய அதே ஸ்கேல்தான். சின்னதானதும் காதுக்கு எட்டாத வேகத்துக்குப் போய்விட்டது.

ஆக்சிலரோமீட்டருக்குள் இந்த மாதிரி சட்டங்களில் தொங்கும் ஒரு எடையும், அதிலிருந்து சீப்புப் பல் போல நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களும் இருக்கும். அசையாத இன்னொரு சீப்பின் பற்களுக்கு நடுவே அவை நிற்கும். எடை நகர்ந்தால் பற்களுக்கு இடையே இடைவெளி மாறும், அதோடு கெப்பாசிட்டன்ஸ், அதாவது பற்கள் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, மாறும். எவ்வளவு நகரும்? ஏடிஎக்ஸ்எல் 335 என்ற சிப்பின் டேட்டாஷீட்டில் உள்ளே இருக்கும் எடையின் இயல்பான ஆட்டம் 5.5 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். இதிலிருந்து நீங்களே கண்டுபிடிக்கலாம்: 9.8-ஐ, கோண அதிர்வெண்ணின் (5500-ஐ 2π-ஆல் பெருக்கியது) வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 8 நானோமீட்டர் (ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). மல்லாக்க வைத்த போனை நிமிர்த்தி நிறுத்தும்போது உள்ளே நடப்பது ஏறக்குறைய இந்த அளவு நகர்வுதான். தலைமுடித் தடிமனில் பதினாயிரத்தில் ஒரு பங்கு! முதன்முதலில் இந்தக் கணக்கை நோட்டில் போட்டு முடித்தபோது தப்பாகப் போட்டுவிட்டேன் என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போட்டு

செய்முறையைப் புரிந்துகொள்ள வீடு கட்டுகிற இடத்தில் நின்றாலே போதும். பலகை அடித்து, மேலே கான்கிரீட் போட்டு, இறுகியதும் பலகையைப் பிரித்தால் கூரை அந்தரத்தில் நிற்கிறது. வேஃபர் எனும் மெல்லிய சிலிக்கான் வட்டில் பலகையின் இடத்தில் சிலிக்கான் ஆக்சைடு அடுக்கு, கான்கிரீட்டின் இடத்தில் பாலிசிலிக்கான். வடிவத்தை ஒளியால் அச்சிட்டு வெட்டி, கடைசியில் ஆக்சைடை மட்டும் அமிலத்தில் கரைத்தால் சட்டம் விடுபட்டு நிற்கும். அழுத்த சென்சாரின் சவ்வுக்கு வேறு வழியும் உண்டு, வேஃபரை அடியிலிருந்து அரித்துக்கொண்டு போவது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அரித்தால் படிகத்தின் தளங்களை ஒட்டி 54.7 டிகிரி சரிவில் குழி விழும்.

ஆக்சைடைக் கரைப்பது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். இதை வீட்டில், கல்லூரி லேபில், யார் சொன்னாலும் தொடாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும். நீர்த்த கரைசல் பட்டால் எரிச்சல்கூட உடனே தெரியாமல் போகலாம். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்து, கால்சியம் குளூகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் லேபில் மட்டுமே அந்த வேலை.

கரைத்து முடித்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் மயிரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதே வேலையை அங்கேயும் தண்ணீர் செய்யும்: காய்ந்து போகும்போது சட்டத்தைக் கீழே இழுத்து அடித்தளத்தோடு ஒட்டிவிடும், பிறகு பிரியாது. நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது, பரப்பு நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. அதனால் சின்ன உலகத்தில் எடையைவிட ஒட்டுதலுக்கே பலம் அதிகம். நீரைத் தவிர்க்க அமில ஆவியில் கரைப்பார்கள், அல்லது அழுத்தத்தில் வைத்த கார்பன் டை ஆக்சைடில் உலர்த்துவார்கள்.

கையால் மட்டும் எவ்வளவு சின்னதாகச் செய்யலாம்? 1959-இல் இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெய்ன்மன், ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்குக்குள் அடங்கும் மோட்டார் செய்பவருக்கு ஆயிரம் டாலர் என்று அறிவித்தார். அடுத்த வருடமே வில்லியம் மெக்லெல்லன் என்ற இன்ஜினியர் செய்து காட்டினார், பெரும்பாலும் கையால், மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து. புது உத்தி பிறக்கும் என்று எதிர்பார்த்த ஃபெய்ன்மனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். நம் லேத் பட்டறைக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் மெக்லெல்லன் பக்கம்தான் நிற்பார்கள், நானும்.

வரைந்துவிட்டுக் கதவைத் தட்டுங்கள்

கேலேஅவுட் என்ற இலவச மென்பொருளில் மாஸ்க், அதாவது வேஃபரில் ஒளியால் அச்சிடும் வடிவம், வரைந்து பழகலாம். முதலில் ஒரே நீளமுள்ள சட்டம் அல்ல, 50 மைக்ரானிலிருந்து 400 வரை நீளம் ஏறிக்கொண்டே போகும் சட்டங்களின் வரிசையை வரையுங்கள். எந்த நீளத்துக்கு மேல் ஒட்டிக்கொள்கிறது என்பதை அந்த வரிசை ஒரே பார்வையில் காட்டும். வளைவையும் அதிர்வையும் கணினியில் பார்க்க எல்மர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முதலில் ஸ்டீல் ஸ்கேலை அதில் போட்டு 13 வருகிறதா என்று பாருங்கள். வராமல் சிலிக்கானுக்குப் போகாதீர்கள். பாடம் கேட்க ஐஐடி பேராசிரியர்களின் இலவச என்பிடெல் காணொளிகள் போதும்.

பிறகு எங்கே? ஐஐடி மெட்ராஸில் நானோ மின்-எந்திர அமைப்புகளுக்கும் நானோ ஒளியியலுக்கும் தனி மையம் இருக்கிறது. வெளிக் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சியும் கிளீன் ரூம் நேரமும் தருவதற்கென்றே மத்திய அரசின் ஐஎன்யுபி திட்டம் பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடி பாம்பே போன்ற இடங்களில் நடந்துவருகிறது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து விண்ணப்பிப்பது எளிது.

ஒன்று சொல்லவேண்டும். மணலி, எண்ணூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வாயு சென்சார் செய்யவேண்டும் என்றுதான் முதலில் சொல்கிறார்கள். அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்களுக்கு அது தோன்றாமல் எப்படி இருக்கும்? செய்யுங்கள். ஆனால் சூடேற்றிய உலோக ஆக்சைடு வைத்து அளக்கும் மலிவு சென்சார்கள் ஈரப்பதத்தைக்கூட வாயு என்று சொல்லும், ஒரு வாயுவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் பார்க்காது. தெரிந்த அளவு வாயுவை வைத்துச் சரிபார்க்காத எண்ணைத் தெருவுக்குள் கொண்டுபோகாதீர்கள். தப்பான எண் ஒன்று வெளியே போனால் அடுத்த முறை சரியான எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது "எனக்கு மெம்ஸில் ஆர்வம்" என்று நாலு பத்தி வேண்டாம். ஒரு பக்கம் போதும்: ஆறு பக்கத் திருப்பலின் அட்டவணை, ராத்திரி இரைச்சலின் எண், ஒரு மெஷினின் வரைபடம், அதில் எது தப்பாகப் போனது, ஏன். ஃபோம் டேப் மாதிரி ஒரு தவறு உங்களிடம் இருந்தால் அதை மேலே போடுங்கள். வரச் சொன்னால் விம்கோ நகரில் ஏறுங்கள், அதே ரயில் கிண்டிக்குப் போகும். அங்கிருந்து பஸ். நோட்டும் போர்டும் பையில் இருக்கட்டும், முடிந்தால் அந்த ஸ்டீல் ஸ்கேலும்.